உங்களுக்கு வந்துடுச்சு... எனக்கு ஏன்மா வரல?

பத்து பொம்மை கேட்டேன். ஒரு சாவி வளையம் வந்தது.

பிளாஸ்டிக் வளையம். அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிள்ளையார் தொங்கிக்கொண்டிருந்தார். தசாவதார செட்டுக்காக நான் கட்டிய பணம் 3,480 ரூபாய். இந்தக் கதையை எங்கள் அப்பார்ட்மென்ட்டில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பணம் திரும்பி வந்துவிட்டதால் என்னால் சிரிக்க முடிகிறது. பணம் திரும்பி வராத ஒருவர் தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது அவதாரத்தோட கொலுவா?

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்தான். நவராத்திரி வந்தால் அந்த வீதியின் இரு ஓரமும் கொலு பொம்மைகள்தான். அங்கே போகாமல் போனில் பொம்மை வாங்கினேன் என்பதே முதல் வெட்கம்.

காரணம் இல்லாமல் இல்லை. 2024-ல் ஆர்.கே. மடம் சாலையில் மெட்ரோ வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மந்தைவெளியைத் தாண்டுவதற்குள் ஆட்டோக்காரருக்கும் நமக்கும் சண்டை வந்துவிடும். எனக்கு முழங்கால் வலி வேறு. அந்த நேரம் பார்த்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது மாமனார் காலத்து தசாவதார செட்டில் வராகம் கீழே விழுந்து மூன்று துண்டானது.

"ஒன்பது அவதாரத்தோட கொலு வைக்க முடியுமா?" என்றார் என் மாமியார். அவருக்கு வயது 81.

அன்று இரவே போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஆறு அங்குல உயரக் களிமண் பொம்மைகள், பத்தும் சேர்ந்து 3,480 ரூபாய். அடிமாட்டு விலை என்றால் சந்தேகம் வந்திருக்கும். கடை விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 'இன்னும் 3 செட் மட்டுமே' என்று சிவப்பு எழுத்து வேறு மினுமினுத்தது. செப்டம்பர் 4-ம் தேதி கிரெடிட் கார்டில் பணம் கட்டினேன். ஏழு நாளில் வரும் என்றார்கள்.

இருபதாம் தேதி வரை வரவில்லை. போட்ட மெயிலுக்கெல்லாம் 'உங்கள் திருப்தியே எங்கள் நோக்கம்' என்று ஒரே பதில் தானாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த இணையதளத்தை முழுதாகப் படித்தேன். கடைப்பெயர் இருந்தது, முகவரி இல்லை. ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.

23-ம் தேதி வங்கியின் ஆப்பில் புகார் போட்டேன். காரணம் கேட்டது. 'பொருள் வரவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வாரத்தில் 3,480 ரூபாய் தற்காலிக வரவு என்று என் கார்டு கணக்கில் ஏறியது. 'பரவாயில்லையே!' என்று நினைத்துக்கொண்டேன்.

30-ம் தேதி கூரியர் வந்தது. உள்ளங்கை அளவில் ஒரு பாக்கெட். பிரித்தால், நம் பிள்ளையார்.

மாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க காலத்துல வி.பி.பி.யில டிரான்சிஸ்டர் கேட்டா செங்கல் வரும். செங்கல்லயாவது வெயிட் இருக்கும்!" என்றார்.

அக்டோபர் 2, மகாளய அமாவாசை. மறுநாள் நவராத்திரி. முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு வடக்கு மாட வீதிக்கே போனேன். பொம்மைக்காரர் ஒவ்வொரு பொம்மையையும் விரலால் சுண்டிக் காட்டினார். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும் என்றார். பேரம் பேசினோம். "வீட்டுல போய்ப் பாருங்க. உடைஞ்சிருந்தா எடுத்துட்டு வாங்க. விஜயதசமி வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றார்.

'இங்கதான் இருப்பேன்.' நான் போனில் வாங்கியபோது இல்லாமல் போனது அந்த வார்த்தைதான்.

'வரவில்லை' வேறு, 'கேட்டது வரவில்லை' வேறு

நவம்பர் இரண்டாவது வாரம் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'விற்பனையாளர் பொருளை ஒப்படைத்ததற்கான ஆதாரம் தந்துள்ளார். தற்காலிக வரவு திரும்பப் பெறப்பட்டது. புகார் முடித்துவைக்கப்பட்டது.'

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். இசை கேட்டேன். மறுபடி இசை கேட்டேன். கடைசியில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், பொருள் வரலைன்னு சொல்லியிருக்கீங்க. ஆனா செப்டம்பர் 30-ம் தேதி டெலிவரி ஆகியிருக்கே?"

"வந்தது சாவி வளையம்மா!"

"ஆனா டெலிவரி ஆகியிருக்கே மேடம்."

எங்கள் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்ப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நீங்க எழுதின காரணத்தை வச்சுத்தான் அவங்க பார்ப்பாங்க. 'வரலை'ன்னு எழுதினீங்க. அவன் 'வந்துடுச்சு'ன்னு கூரியர் சீட்டைக் காட்டிட்டான். உங்க கேஸ் 'வரலை' இல்லை, 'கேட்டது வரலை'."

பிறகு அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன், என்றாவது உதவும். கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். நம் வங்கி, விற்றவரின் வங்கியைக் கேட்கும். அந்த வங்கி விற்றவரைக் கேட்கும். அவர் ஆதாரம் தர வேண்டும். இதற்கான விதிகளை வகுப்பது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நிறுவனங்கள். பொருள் வரவில்லை என்பது ஒரு தலைப்பு. சொன்னதற்கு மாறான பொருள் வந்தது என்பது தனித் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆதாரம், தனிக் கெடு. நான்கு மாதத்தைத் தாண்டவிட்டால் பெரும்பாலும் வழி அடைந்துவிடும்.

மோசடிக்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் எதையாவது ஒன்றை அனுப்பிவைக்கிறார்கள். அந்தச் சாவி வளையம் எனக்காக வந்ததில்லை. கூரியர் கணினியில் 'டெலிவர்டு' என்ற ஒரு சொல் ஏறுவதற்காக வந்தது.

"உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" என்றார் பெரியவர். நல்லவேளை, விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாமியாருக்குக் காட்டியிருந்தேன். அது போனில் இருந்தது. கூரியர் உறையையும் தூக்கிப்போடவில்லை. எடுத்துப் பார்த்தேன். முகவரிக்குக் கீழே சின்ன எழுத்தில் எடை போட்டிருந்தது: 0.05 கிலோ. ஐம்பது கிராம்!

மாமியார் சொன்ன செங்கல் ஞாபகம் வந்தது. ஆறு அங்குலக் களிமண் பொம்மை பத்து, ஐம்பது கிராமில் எப்படி அடங்கும்?

விளம்பரப் படம், பில், கூரியர் உறையில் இருந்த எடை, உள்ளே இருந்த பொருளின் படம். நான்கையும் இணைத்து 'சொன்ன பொருள் வரவில்லை' என்று எழுதினேன். புகார் முடிந்துவிட்டது, மறுபடி திறக்க முடியாது என்றார்கள். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். அப்போது நடப்பில் இருந்த, 2021-ல் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தின்படி அங்கே புகார் செய்யக் கட்டணம் இருக்கவில்லை, வக்கீலும் தேவைப்படவில்லை. நடுவில் அந்தத் தொகையைக் கார்டு பில்லோடு கட்டவும் செய்தேன். கோபத்தில் கட்டாமல் விட்டிருந்தால் வட்டி ஏறியிருக்கும்.

2025 ஜனவரி 21-ம் தேதி பணம் வந்தது. 3,480 ரூபாய்க்காக நான்கரை மாதம்.

அவர் கேட்ட கேள்வி

அன்று காலை சந்தோஷத்தில் அடுக்களையில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். பட்டினப்பாக்கத்திலிருந்து வருபவர், ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

"மொத்தமும் வந்துடுச்சாமா?"

"வந்துடுச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உங்களுக்கு வந்துடுச்சு... எனக்கு ஏன்மா வரல?"

அப்போதுதான் தெரிந்தது. தீபாவளிக்கு முன்னால், மகளுக்குத் தையல் மெஷின் வாங்க நினைத்திருக்கிறார். மகள் பிளவுஸ் தைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். போனில் ஒரு வீடியோ. மோட்டார் வைத்த மெஷின், பண்டிகை ஆஃபர், முன்பதிவுக்கு 499 ரூபாய் மட்டும். யுபிஐயில் அனுப்பினார். மறுநாள், 'ஜிஎஸ்டி கட்டினால்தான் பார்சல் கிளம்பும்' என்று 1,200 கேட்டார்கள். அதற்கு அடுத்த நாள், 'இன்சூரன்ஸ், மெஷின் கொடுக்கும்போது திருப்பித் தந்துவிடுவோம்' என்று 1,300. மொத்தம் 2,999. பிறகு அந்த எண் அணைந்துபோனது.

"அக்டோபர்ல நடந்ததை இப்ப சொல்றியே! அப்பவே ஏன் சொல்லல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "போன வருஷம் எங்க தெருவுல ஒருத்தங்க ஏமாந்ததைச் சொன்னேன். ஏமாத்துறவனைச் சொல்றதா, யோசிக்காம அனுப்புறவங்களைச் சொல்றதான்னு கேட்டீங்க. கொஞ்சமாவது படிச்சிருக்க வேணாமான்னீங்க. அதான்..."

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பி.எஸ்சி. படித்த நான் பத்து மாதம் கழித்து சாவி வளையத்துக்கு 3,480 ரூபாய் கட்டினேன். அதை நானும் ஐந்து நாள் என் கணவரிடம் சொல்லவில்லை.

எந்த வழியில் கொடுத்தோம்?

அன்றே 1930-க்குப் போன் செய்தோம். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தோம். புகார் எண் கிடைத்தது. ஆனால் மூன்று மாதம் கடந்துவிட்டது.

இங்கேதான் நான் குறுகிப்போனேன். 2021-ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் காவல்துறையும் வங்கிகளும் ஒரே வலையில் இருக்கின்றன. பணம் போன உடனே சொன்னால், அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க முயல்வார்கள். திருடன் அதை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள், ரொக்கமாக எடுப்பதற்குள் நாம் முந்த வேண்டும். அதில் நிமிடங்களுக்குத்தான் மதிப்பு. அவருக்கு அந்த முதல் மணி நேரம் கிடைக்காமல் போனதற்குத் திருடன் மட்டுமா காரணம்? என் சிரிப்பும்தான்.

அவருடைய வங்கிக் கிளைக்கும் போனோம். "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க" என்றார்கள். அது பொய்யில்லை.

நம் கவனம் இல்லாமல் வேறு யாரோ நம் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டால் ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு உண்டு. 2017 ஜூலையில் வந்த சுற்றறிக்கை அது. நம் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாமல், மூன்றாம் ஆளின் கைவரிசையாக இருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று அது சொன்னது. ஆனால் நம்மை நம்பவைத்து, நம் கையாலேயே அனுப்ப வைத்தால் அந்தப் பாதுகாப்பு அப்படியே நமக்குப் பொருந்தாது. நானும் என் கையால்தான் கட்டினேன். ஆனால் என் கார்டுக்குப் பின்னால் சார்ஜ்பேக் என்று ஒரு கதவு இருந்தது. யுபிஐயில் ஒரு தனிநபரின் எண்ணுக்குப் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், 'பொருள் வரவில்லை' என்பதற்காக அதைத் திருப்பி எடுத்துத் தர அப்படி ஒரு வழக்கமான கதவு இல்லை.

அவர் கேள்விக்கு விடை இதுதான். ஏமாற்றியதில் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் கொடுத்த வழிதான் வேறு.

கார்டு வைத்திருந்தது என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? என் கணவருக்குச் சம்பளச் சீட்டு இருந்தது, வங்கி எங்களுக்குக் கார்டு கொடுத்தது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு யார் சம்பளச் சீட்டு தருகிறோம்? எனக்கு அந்தப் பணம் ஒரு கொலு பொம்மைச் செலவு. அவருக்கு அது ஒரு வீட்டின் முழு மாதச் சம்பளம். இழப்பைத் தாங்க முடிந்தவளுக்குக் கதவு திறக்கிறது. தாங்க முடியாதவருக்குக் கதவே இல்லை.

சட்டம் இருவரையும் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனம் தன் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் அது கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். அவரிடம் இருந்தது, அணைந்துபோன ஒரு போன் எண்.

எனக்கு ஒரு ஆசை. முன்பின் தெரியாத எண்ணுக்கு முதன்முறை அனுப்பும் பணம், சில மணி நேரமாவது நடுவில் நின்று போகட்டும். காய்கறிக் கடைக்குக் கொடுக்கும் இருபது ரூபாய் உடனே போகட்டும். தையல் மெஷினுக்குக் கொடுக்கும் பணம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்போது எங்கள் வீட்டில்

அந்த நாள் வரும்வரை எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். தெரியாத கடை என்றால் பணத்துக்கு முன் முகவரியைத் தேடுகிறோம். பொருள் கைக்கு வந்த பிறகு பணம் என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். விளம்பரத்தைப் படம் எடுத்து வைக்கிறோம். பார்சலைப் பிரிக்கும்போது ஒருவர் வீடியோ எடுக்கிறார். உறையை உடனே குப்பையில் போடுவதில்லை. 'இன்னும் கொஞ்சம் கட்டினால் பார்சல் வரும்' என்று இரண்டாவது முறை பணம் கேட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இந்த வீட்டில் யார் ஏமாந்தாலும் முதல் கேள்வி "ஏன் அனுப்பினே?" இல்லை. "எப்ப அனுப்பினே?" இதை நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். "விடுங்கமா" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துகொண்டார். அந்த விடுங்கமாவில் எவ்வளவு விட்டார் என்று எனக்குத் தெரியாது.

அவருடைய புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை புகார் எண்ணைப் போட்டுப் பார்க்கிறோம். மகள், தைக்கச் சொல்லித் தரும் டீச்சர் வீட்டு மெஷினிலேயே தைத்துப் பழகுகிறாள்.

போன வாரம் ஒரு விளம்பரம் வந்தது. முழங்கால் வலிக்கு மசாஜ் செய்யும் பெல்ட், பாதி விலை, இன்று இரவு வரை மட்டும். கார்டைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் போனை எட்டிப் பார்த்தார்.

"இதுல அட்ரஸ் எங்கமா இருக்கு?"

மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினேன். இல்லை.

கார்டைப் பைக்குள் வைத்துவிட்டு, இருவருக்கும் காபி போட எழுந்தேன்.